ஆளைப் பார்த்து அனுப்பும் லிஃப்ட்

நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளில் பாதி அரபிச் சொற்களைப் பற்றியவை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது, அதைப் பாருங்கள். உங்களில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தாள்: "சார், கோர்ட்டுல பயம் வந்தா என்ன செய்வீங்க?"

அப்படிக் கேள். இந்த விஷயத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் வளைகுடா முழுக்கத் தேடினாலும் அகப்பட மாட்டான். விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வரை, இத்தனை வருட சர்வீஸில் நான் பயப்படாமல் கோர்ட்டுக்குள் நுழைந்த நாள் என்று ஒன்று கிடையாது. சத்தியப் பிரமாணம் எடுத்த அன்று பெயர் கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். அப்பாவே வந்து இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்மனது நினைத்ததோ என்னவோ. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை இருக்கும். ஒன்று மடிப்புக் கலையாமல் பார்வைக்கு. இன்னொன்று வியர்வைக்கு. மதியத்துக்குள் அதைப் பிழிந்தால் ஒரு டம்ளர் சுலைமானிக்கு, அதான் பால் இல்லாத டீக்கு, தண்ணீர் வரும்.

என் அரபி படித்த அரபியும் அல்ல. ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் போன் கடையில் நின்று, ஏமாந்த வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றது. பரீட்சையெல்லாம் பிறகு எழுதினேன். அதனால் எனக்குக் கோபத்தின் அரபி நன்றாக வரும், மரியாதையின் அரபி கொஞ்சம் திக்கும்.

நம் தொழிலின் முதல் விதி உங்களுக்குத் தெரியும். சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா" என்று இழுக்கக்கூடாது. இந்த விதியால் நான் கோர்ட்டில் லாரி திருடியிருக்கிறேன், விவாகரத்துக் கேட்டிருக்கிறேன், இரண்டு முறை பிரசவித்திருக்கிறேன். இரண்டாவது விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. சாட்சியின் பேச்சை இஸ்திரி போடாதே. அதை நான் கற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்குப் பழைய பயம் திரும்பி வந்துவிடும்.

அந்த நீதிபதி உள்ளூர்க்காரர் அல்ல, சூடான் நாட்டவர். இங்கே பல நீதிபதிகள் அப்படி ஒப்பந்தத்தில் வருகிறவர்கள்தான். நம்மைப் போலவே விசா, நம்மைப் போலவே வருடாந்திர லீவு, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று நம்மைப் போலவே ஒரு தவிப்பு. நல்ல கறுப்பு நிறம், நரைத்த தாடி, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாரையாவது நிறுத்த வேண்டுமானால் கையிலுள்ள பென்சிலைக் கொஞ்சம் தூக்குவார். அந்தப் பென்சில் தூக்கப்படும்போதெல்லாம் தப்பு என்னுடையதுதான் என்று எனக்குத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

வழக்குப் போட்டவர் ஸ்டெல்லா. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கணவர் அந்தோணி, உயரமான குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் ஏ.சி. டெக்னீஷியன். அங்கே மேல்மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து, கீழே வந்து சேர்வதற்குள் இறந்துபோனார். அந்தக் கட்டடத்தில் முன்பக்கம் கண்ணாடி லிஃப்டுகள், பின்பக்கம் சாமான் ஏற்றும் லிஃப்ட் ஒன்று. அந்தோணியை முன்பக்க லிஃப்டில் ஏற்றவில்லை என்பதுதான் வழக்கு.

கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஜட்ஜு நம்ம ஆளு மாதிரில்லா இருக்காவ."

"நிறத்தை வச்சு நம்பாதீங்கம்மா. நானும் இதே நிறந்தான். என் பொண்டாட்டி என்னை நம்பித் தக்காளி வாங்கக்கூட அனுப்ப மாட்டா."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவை தோற்கும் இடங்களை நான் ஒரு வரைபடமாகவே வரைய முடியும். அதில் இந்த பெஞ்சுக்குப் பெரிய புள்ளி வைக்கலாம்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார்," என்றார். "பைசா எல்லாம் கம்பெனிக்காரங்க தந்துட்டாவ. அத வச்சு நான் கேசு போடல்ல. அவர ஏன் நிறுத்தினாவன்னு கோர்ட்டு சொல்லணும். ஹார்ட் அட்டாக்கு, கடவுளோட சித்தம்னு எழுதித் தந்துருக்காவ. கடவுளா அந்த பில்டிங்ல வாச்மேன் வேலை பாக்காரு?"

உள்ளே கூப்பிட்டார்கள். கட்டட நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தாழ்ந்த குரலில், மரியாதையாக, நல்ல அரபியில் பேசினார். "பின்பக்க லிஃப்ட் பராமரிப்பு ஊழியர்களுக்கு. எல்லாக் கட்டடத்திலும் உள்ள ஏற்பாடு. இந்த நீதிமன்றத்தில்கூட ஊழியர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது. இதில் நிறம் எங்கே வந்தது?" என்று கேட்டார். நியாயமான வாதம்தான். நீதிபதியும் தலையாட்டினார். எனக்கே அது சரியென்று பட்டது. வேறு யார் எதைச் சொன்னாலும் சரியென்று படுவது எனக்குப் பிறவிக்குணம்.

ஸ்டெல்லா சாட்சி சொல்ல நின்றார். பக்கத்தில் நான்.

"அவரு எனக்கு போன் பண்ணினாவ. நெஞ்சு என்னவோ இறுக்குது ஸ்டெல்லான்னாவ. வேர்க்குதா, இடது கையி வலிக்குதான்னு கேட்டேன். ஆமான்னாவ. உடனே கீழ எறங்குங்க, ஆம்புலன்ஸ நான் கூப்பிடுதேன்னேன். நம்ம லிஃப்டுல யாரோ வீடு மாறி சோபா ஏத்துதாவ, அது முடியட்டும்னாவ. முன்னாடி ஒரு லிஃப்டு இருக்கே, அதுல வாங்கன்னேன். அது நமக்கு இல்லல்லான்னு சொல்லிட்டு சிரிச்சாவ, சார்."

நான் மொழிபெயர்த்தேன். நெஞ்சு, வியர்வை, இடது கை எல்லாம் ஒழுங்காக வந்தன. "நம்ம லிஃப்டு" வந்த இடத்தில் "சர்வீஸ் லிஃப்ட்" என்றேன். அதுதானே சரியான பெயர். எல்லா ஆவணத்திலும் அப்படித்தானே இருக்கிறது. சட்டத்தின் காதுக்கு ஏற்றபடி கொஞ்சம் நேர்த்தியாகச் சொன்ன திருப்தியோடு நிமிர்ந்தேன்.

பென்சில் உயர்ந்தது.

"அந்த அம்மா சர்வீஸ் என்று சொல்லவில்லையே. இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர், கூட்டுகிறவர், எல்லோர் வாயிலும் சர்வீஸ் என்றுதான் வருகிறது. எனக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தச் சொல் வரவில்லை என்பது தெரிகிறது. என்ன சொன்னார்?"

பார்வைக்கு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"நம் லிஃப்ட் என்று சொன்னார், நீதிபதி அவர்களே."

"நம் என்றால் யார்?"

இதைத் தமிழில் கேட்டேன். ஸ்டெல்லா நீதிபதியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"கறுத்தவங்க," என்றார். "ஊழியர்னு இந்த வக்கீலு சொல்லுதாரு. அங்க நீச்சல் கத்துக் குடுக்க ஒரு வெள்ளைக்காரர் இருக்காவ. அவரும் சம்பளம் வாங்குத ஆளுதான், கழுத்துல அதே கம்பெனி அட்டைதான். ஈர டவுசரோட தண்ணி சொட்டச் சொட்ட முன் லிஃப்டுல போவாவளாம். எங்க வீட்டுக்காரரு ராத்திரி சாப்பிடும்போ சொல்லிச் சிரிப்பாவ. அவருக்கு அது ஒரு தமாசு."

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், ஈர டவுசர் உட்பட. அதற்கு மரியாதையான அரபி எனக்குத் தெரியாது, பத்தாவின் அரபியில்தான் சொன்னேன். வக்கீல் உடனே, நீச்சல் பயிற்சியாளர் வேறு வகை ஒப்பந்தத்தில் இருப்பவர், அவரை ஊழியர் என்று கொள்ள முடியாது என்றார்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது. அந்தக் கட்டடத்தில் ஆளைப் பிரிப்பது வேலையா, நிறமா? நீதிபதி பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, கட்டடத்தை நேரில் போய்ப் பார்ப்பதாக உத்தரவிட்டார். இரு தரப்புக்கும் தேதி சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்பாளரும் வர வேண்டும் என்றார். 

கட்டடத்தைப் பார்க்கப் போன அன்று காலை நான் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு போனேன். அந்த வெயிலில் அது தற்கொலைக்குச் சமம். நீதிபதியோ வெளிர்நீல அரைக்கைச் சட்டையில், கையில் ஒரு ஃபைலோடு இறங்கினார். ஸ்டெல்லாவுக்குக் கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை. கோர்ட் எழுத்தர் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். வக்கீலும் நிர்வாகத்தாரும் மேல்மாடி அலுவலகத்தில் காத்திருந்தார்கள். ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

மேசைக்குப் பின்னாலிருந்து வாச்மேன் எழுந்தார். என் நிறம், என் முகவெட்டு. என் கோட்டையும் வியர்வையையும் பார்த்தவுடன் தமிழ் ஆள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே தமிழா?"

"ஆமா தம்பி. நீங்க?"

"சிலோன், ஹட்டன் பக்கம். தமிழ்னா நல்லதாப் போச்சு, விளக்கமா சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்களும் அந்தக் கறுத்த ஐயாவும் பின்னால சுத்திப் போயி அந்த லிஃப்ட்ல ஏறிக்கங்க. இதுல ஏத்தினா எனக்குப் பிரச்சினையாகும். இன்னைக்கு யாரோ ஜட்ஜு வேற வாராராம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. நம் ஊர் ஆளுக்கு உதவும் பிரியம்தான் இருந்தது.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

தம்பி தங்கைகளே, பயம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒத்திகை. அந்த லாபியில் அரபியும் தமிழும் தெரிந்த ஒரே உயிர் நான்தான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நடந்ததாகிவிடும். நாக்கின் நுனியில் பொய்கள் வரிசையில் நின்றன. 'முன் லிஃப்ட் பழுது என்கிறார்.' 'வணக்கம் சொல்கிறார்.' 'பின்பக்கத்திலிருந்து கடல் நன்றாகத் தெரியுமாம்.' கடைசிப் பொய்க்கு நானே ஒரு கணம் ஆசைப்பட்டேன்.  ஒரு நீதிபதியை, அவர் முகத்துக்கு நேரே, கறுத்த ஐயா என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் முந்தின முறை "சர்வீஸ்" என்று இஸ்திரி போட்டு மாட்டியவன் நான். இந்த மனிதர் மொழி தெரியாமலே பொய்யைக் கண்டுபிடிக்கிறவர். அவரிடம் தப்ப முடியாது என்ற பயம், உண்மையைச் சொல்லும் பயத்தைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பயம் மோதியதில் பெரியது ஜெயித்தது.

சொன்னேன். கறுத்த ஐயா, பின்னால், பிரச்சினை, ஜட்ஜ் வருகிறார், எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே.

நீதிபதியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நான் இங்கே வேலை பார்ப்பவன் இல்லை என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்தவன். அப்போதும் பின்பக்கமா என்று கேளுங்கள்."

கேட்டேன். வாச்மேன் சங்கடமாகச் சிரித்தார்.

"வேலை செய்றவங்களா இல்லையான்னு நான் பாக்கிறதில்லண்ணே. ஆளப் பாத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஓடர் அப்படி."

அதையும் சொன்னேன். நீதிபதி தலையை அசைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார். இவர் யார் தெரியுமா என்று வாச்மேனிடம் கத்த வாயைத் திறந்தேன். நீதிபதி திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் லேசாக உயர்த்தினார். பென்சில் இல்லாமலே நான் நின்றுவிட்டேன்.

குப்பை மூட்டைகளின் வாசனையோடு அந்த லிஃப்ட் வந்தது. உள்ளே நாற்புறமும் பச்சை நிறத்தில் தடித்த மெத்தை தொங்கியது. சாமான்கள் சுவரில் இடித்துக் கீறல் விழாமல் இருப்பதற்காக. நீதிபதி அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல மெத்தை," என்றார். "நாற்காலி மேசைக்கு வலிக்கக்கூடாது என்று யாரோ அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்."

லிஃப்ட் மெதுவாக ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் எதற்கோ நின்று யோசித்தது. அந்தோணி இதற்குத்தான் காத்திருந்தார் என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை என் வியர்வையைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

மேலே வக்கீலும் நிர்வாகத்தாரும் கண்ணாடி லிஃப்டின் வாசலைப் பார்த்தபடி, காபியும் பேரீச்சம்பழமுமாக நின்றிருந்தார்கள். நாங்கள் அவர்களுடைய முதுகுப் பக்கமிருந்து வந்தோம். வக்கீல்தான் முதலில் திரும்பினார். கெட்டிக்காரர். நாங்கள் வந்த கதவைப் பார்த்ததும் அவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது. தட்டிலிருந்து எடுத்த பழத்தை மறுபடியும் தட்டிலேயே வைத்தார்.

எழுத்தர் வந்து சேர்ந்ததும், நடந்ததை அறிக்கையில் எழுதச் சொல்லப் போகிறேன் என்றார் நீதிபதி. நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். மொழிபெயர்ப்பாளன் நீதிபதியை ஓரமாகக் கூப்பிடும் வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. நீங்கள் செய்யாதீர்கள்.

"இதை எழுதினால் அந்த வக்கீல் உங்களை வழக்கிலிருந்து விலகச் சொல்வார். எழுதாமல் விடுங்கள். வழக்கு உங்கள் கையில் இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு நீங்களே நியாயம் சொல்லிவிடலாமே," என்றேன். என் அரபி அவ்வளவு சரளமாக வந்தது அன்று ஒருநாள்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எழுதாமல் தீர்ப்புச் சொன்னால், பார்த்ததை மறைத்தவன் ஆவேன். எழுதிவிட்டு நானே தீர்ப்பும் சொன்னால், எனக்கு நடந்ததற்கு நானே தீர்ப்புச் சொன்னவன் ஆவேன். இன்று காலை வரை நான் இந்த வழக்கின் நீதிபதி. அந்த மனிதர் பின்பக்கத்தைக் காட்டியதிலிருந்து நான் சாட்சி. இரண்டு நாற்காலியில் ஒருவன் உட்கார முடியாது."

"அப்படியானால் சும்மா பார்த்துவிட்டு வந்தோம் என்று..."

"தன் கணவருக்கு எந்த லிஃப்ட் என்று அந்த அம்மா சொன்னபோது நான் நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை," என்றார். "இப்போது தெரியும். தெரிந்த பிறகு தெரியாதவன் மாதிரி அந்த மேடையில் உட்கார என்னால் ஆகாது."

எழுத்தர் எழுதினார். வாச்மேன் இரண்டு முறை சொன்னவையும் எழுத்து மாறாமல் அதில் ஏறின. மொழிபெயர்த்தவன் என்று நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். என் லைசென்ஸ், என் விசா, பிள்ளையின் காலேஜ் என்று எல்லாம் கண்முன்னே வந்து போயின. போட்டேன். நீதிபதி அதைப் பார்த்தார்.

"இது கையெழுத்தா, பூகம்பமா? இன்னொரு முறை போடுங்கள்."

போட்டேன். இரண்டாவது பூகம்பம் கொஞ்சம் சிறியது.

திரும்பும்போது லாபியில் வாச்மேனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, நான் சொன்னத அப்படியே சொல்லிட்டீங்களா?"

"என் வேலை அதுதான் தம்பி."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அன்னைக்கும் நான்தான் டூட்டில இருந்தேன். அந்தோணி அண்ணன் எனக்கு நல்லாத் தெரியும். மேல அவர்கூட வேலைக்கு நின்ன பையன் வயர்லெஸ்ல கத்துறான். முன் லிஃப்டத் திறக்கிற கார்டு என் கையிலதான் இருந்துச்சு. மேல மெனேஜருக்கு போன் போடுறேன், போன எடுக்கல. யாரையும் கேக்காம எப்படி அனுப்புறதுன்னு நின்னுட்டேன்."

 கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.

அடுத்த விசாரணையில் எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தது. மாண்புமிகு நீதிபதியே இப்போது சம்பவத்தின் ஒரு பகுதியாகிவிட்டார் என்று வக்கீல் பணிவாகச் சொன்னார். சரியாகச் சொன்னீர்கள் என்றார் நீதிபதி. பிறகு, "இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்" என்று அறிவித்தார். நான் தமிழில் அதே விதிப்படி அதே மாதிரி சொன்னேன். ஸ்டெல்லா பதறி என் கையைப் பிடித்துவிட்டார்.

"நீங்களுமா சார் போறிய?"

"நான் இல்லம்மா. ஜட்ஜ்."

அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "அவருக்கே நடந்துருக்கு. அவரே சொல்லப்படாதா? வேற யாருக்கு சார் புரியும்?" என்று வெளியே வந்து கேட்டார். நீதிபதி என்னிடம் சொன்ன காரணத்தை அப்படியே சொன்னேன். "நல்ல மனுசன்தான்," என்றார், "ஆனா எனக்கு எதுக்கு சார் நல்ல மனுசன்? எனக்குத் தீர்ப்புல்லா வேணும்."

புதிய நீதிபதி வந்தார். கறாரானவர், வேகமானவர், பென்சில் கிடையாது. பழைய நீதிபதியின் அறிக்கை ஃபைலில் இருந்தது. அதில் உள்ளது உண்மையா என்று அறிய வாச்மேனைச் சாட்சியாக அழைத்தார். அவரைக் கட்டடத்தார் அதற்குள் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆளைப் பார்த்து அனுப்பு என்று உத்தரவு போட்டவர் அதே நாற்காலியில் இருந்தார். எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. வாச்மேன் சொன்னதை நான் மாற்றியிருக்க முடியாது. ஆனாலும் அந்த ஆள் வேலை இழந்தது என் வாய் வழியாகத்தான். இந்தத் தொழிலில் சரியாகச் செய்த காரியமும் இப்படி வந்து உட்காரும். தயாராக இருங்கள்.

விசாரணை நாளில் வாச்மேன் வந்து எங்கள் பெஞ்சருகே நின்றார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தார். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவர் உட்காரட்டும் என்று. அவர் உட்காரவில்லை. கூப்பிடும் வரை நின்றுகொண்டே இருந்தார். உள்ளே போய் ஒன்றையும் மறைக்கவில்லை. கார்டு கையில் இருந்ததையும், போன் எடுக்கப்படாததையும், யாரை எந்தப் பக்கம் அனுப்பச் சொன்னார்கள் என்பதையும் சொன்னார். "நானும் கறுப்புதான் சேர். என்னையும் அதுல ஏற விடமாட்டாங்க. நான் அந்த லிஃப்டத் தொடச்சிருக்கேன், ஏறினதில்ல," என்றார். அதை அரபியில் சொல்லும்போது என் குரல் கம்மியது. நீதிபதி, "உரக்கச் சொல்லுங்கள்," என்றார். உரக்கச் சொன்னேன்.

தீர்ப்பு வரும் முன்பே பழைய நீதிபதியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். விடைபெறப் போனேன். அறையில் புத்தகப் பெட்டிகள். அவர் நாட்டில் அப்போது போர். வீடு இருந்த தெருவே இல்லை என்றார். மகள் இருக்கும் நாட்டுக்குப் போவதாகச் சொன்னார். "அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டேன்.  "நான் சொல்ல வேண்டியதை அறிக்கையில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சொன்னால் அது என் ஆறுதலுக்குத்தான்," என்றார். சிரிக்க வைத்துவிட்டு வரலாம் என்று இரண்டு வேடிக்கைகள் தயாரித்துப் போயிருந்தேன். இரண்டையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

தீர்ப்பு நாள். புதிய நீதிபதி வேகமாக வாசித்தார், நான் மூச்சு வாங்காமல் பின்னால் ஓடினேன். அந்தக் கட்டடத்தில் மனிதர்களைப் பிரித்தது வேலையைப் பார்த்து அல்ல, நிறத்தைப் பார்த்துத்தான். ஊழியரே அல்லாத ஒருவரும் அவ்வாறே அனுப்பப்பட்டது இதை உறுதி செய்கிறது. இது சட்டத்துக்கு விரோதம். இந்த ஏற்பாட்டை உடனே நீக்க வேண்டும், நிர்வாகம் தண்டம் கட்ட வேண்டும். இறந்தவர் முன்பக்க லிஃப்டில் அனுமதிக்கப்படாததற்கும் அவருடைய நிறமே காரணம்.

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேட்டது அதுதானே. கோர்ட்டு சொல்லிவிட்டது.

நீதிபதி அடுத்த பத்தியை வாசித்தார். ஆனால், மருத்துவ அறிக்கையின்படி, விரைவாகக் கீழே கொண்டுவந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மரணத்துக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்க முடியாது.

வாசித்து முடித்து, ஃபைலை மூடி, எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொல்லி முடித்தபோது மேடை காலியாக இருந்தது.

ஸ்டெல்லா எழுந்து நின்றார். அந்தக் காலி மேடையைப் பார்த்து, சத்தமாகவே கேட்டார்.

"முன் லிஃப்டுல கொண்டுவந்துருந்தா பொழைச்சிருப்பாவளா?"

சாட்சி கேட்டால் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம். அரபியில் சொன்னேன். "என் கணவரை முன் லிஃப்டில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" கணினியை அணைத்துக்கொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி எதையும் எழுதுவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. "கலாஸ்," என்றார் மெதுவாக. "முடிந்துவிட்டது."

"என்ன சொல்லுதாரு?"

"விசாரணை முடிஞ்சிட்டுதாம்மா. அவங்களுக்குத் தெரியலன்னு எழுதியிருக்காங்க. எனக்கும் அதெல்லாம்..."

"எனக்குத் தெரியும் சார்," என்றார். "நான் நர்ஸு. அவரு போன்ல பேசிட்டுத்தான இருந்தாவ. வேர்க்குது, கை வலிக்குதுன்னு வரிசையா சொன்னாவளே. அந்த நேரத்துல கொண்டுவந்து சேத்த எத்தனையோ ஆளுங்கள நான் கையாலப் பாத்துருக்கேன். எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்காவ. அவங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன்."

என்ன சொன்னார் என்பது போல எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அரபியில் சொன்னேன், அவருக்கு மட்டுமாக. அவர் கை கணினிமேல் அப்படியே நின்றது.

ஸ்டெல்லா தீர்ப்பின் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். ஈவினிங் டூட்டி இருக்கிறது, பஸ் போய்விடும் என்றார். வாசல் வரை கூடப் போனேன். பஸ் வந்தது. நர்ஸ் உடுப்பின் காலரைச் சரிசெய்துகொண்டு ஏறினார்.